தேடுபொறி கண்ட மீசை

அந்தப் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தில் அவளை எல்லோரும் 'கட்டுரை' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. யாரோ ஒருவர் ஃபோனில், "கரப்பான் தொல்லை தாங்கல, என்ன பண்ணணும்?" என்று கேட்டிருக்கிறார். இவள் கரப்பான் எங்கே முட்டையிடுகிறது, எதையெல்லாம் தின்கிறது, விளக்கைப் போட்டதும் ஏன் ஓடுகிறது என்று விஸ்தாரமாக ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பக்கத்து ஆள், "அம்மா, அடுப்புல பால் வச்சிருக்கேம்மா" என்று கெஞ்சிய பிறகுதான் விலாசத்தையே கேட்டாளாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் அண்ணன், "நீ பதில் சொன்னியா, கட்டுரை வாசிச்சியா?" என்றார். மருந்தடிக்கும் ஆட்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே ஃபோன் அண்ணியின் கைக்குப் போயிற்று. எழுதுகிற வேலையெல்லாம் இவள் தலையில் விழுந்தது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

நிறுவனம் அண்ணனுடையது. ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். தன் தலைக்கு மேலே 'மூட்டைப்பூச்சி' என்று கொட்டை எழுத்தில் போர்டு தொங்குவது மெத்தைக் கடைக்காரருக்குப் பிடிக்கவே பிடிக்காது. மாடிப்படியில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். முன்னறையில் ஃபோனும் அண்ணியும். பின்னறையில் மருந்து டப்பாக்கள், எலிக்கூண்டுகள், அவற்றுக்கு நடுவே ஒரு மேசை, மேசையில் கட்டுரையின் கணினி.

அந்தக் கணினியில் உட்கார்ந்துதான் நிறுவனத்தின் இணையதளத்தை அவளே கட்டினாள். புத்தகம் வாங்கிப் படித்து, தப்பும் தவறுமாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டுக் கற்றுக்கொண்டது. அகலமான திரை முழுக்க அவளுடைய எழுத்துதான். கரையானுக்கு ஒரு பக்கம், எலிக்கு ஒரு பக்கம், கொசுவுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் பிரித்து எழுதியிருந்தாள். கரப்பான் பக்கம் இப்படித் தொடங்கும்: 'கரப்பான் நம்மை வெறுப்பதில்லை. நம்மைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஈரமும் இருட்டும் கிடைப்பதால் நம்மோடு குடித்தனம் நடத்துகிறது, அவ்வளவே.' இதை எழுதி முடித்த அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை பெருமை. அண்ணனிடம் காட்டினாள். "எல்லாம் சரி, ஃபோன் நம்பர் எங்க?" என்று கேட்டார்.

இதற்கிடையில் ஊரே கையில் மொபைலோடு திரிய ஆரம்பித்தது. அண்ணனுக்கு ஒரு யோசனை உதித்தது.

"பாப்பா, மொபைல்ல பாக்கறவனுக்குத் தனியா சின்னதா ஒரு பக்கம் போடு. அவன் அவசரத்துல இருப்பான். உன் கதையெல்லாம் வேணாம். என் ஃபோட்டோ, ஃபோன் நம்பர், 'உடனே அழைக்கவும்'. போதும்."

அவள் நாற்பதைத் தாண்டியும் அண்ணனுக்குப் பாப்பாதான். அவளும் மறுபேச்சுப் பேசாமல், மனசே இல்லாமல், அரை நாளில் ஒரு பக்கத்தைப் போட்டுக் கொடுத்தாள். கணினியில் வருகிறவர்களுக்குப் பெரிய தளம். மொபைலில் வருகிறவர்களைத் தானாகவே அந்தக் குட்டிப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். திறந்ததும் திரையை அடைத்துக்கொண்டு அண்ணன் நிற்பார். கையில் மருந்துத் துப்பாக்கி, முகத்தில் மீசை, பார்வையில் உலகத்துப் பூச்சிகளுக்கெல்லாம் எச்சரிக்கை. அவரை மூடினால்தான் ஃபோன் நம்பர் தெரியும். அந்தப் பக்கத்தை அவள் அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஃபோன் அடிப்பது குறைந்தது. மழைக்காலம் என்றால் பூச்சிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். கரையான் கிளம்பும், எறும்பு கிளம்பும், எலி வீட்டுக்குள் வரும். அந்த நேரத்தில் ஃபோன் வாயைத் திறக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அண்ணி அடிக்கடி எடுத்துக் காதில் வைத்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தாள். தன் மொபைலிலிருந்து அதற்கு அடித்தும் பார்த்தாள். அது கணீரென்று அடித்தது. பின்னறையிலிருந்து அண்ணன் ஓடி வந்து எடுத்து, "வணக்கம், சொல்லுங்க!" என்றார். "நான்தாங்க" என்றாள் அண்ணி, இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு.

அண்ணன் காரணம் தேட ஆரம்பித்தார். கண் பட்டுவிட்டது என்றார். கீழே இருக்கிற மெத்தைக்காரர் ஏதோ சொல்லி வருகிறவர்களைக் கலைக்கிறார் என்றார். கடைசியில், "பூச்சிங்களே திருந்திடுச்சோ என்னவோ" என்று விரக்தியாகச் சொன்னார்.

நிறுவனத்தின் மூத்த ஆளுக்கு மூக்கர் என்று பெயர். கதவைத் திறந்ததுமே வாசனை பிடித்து, இந்த வீட்டில் எது இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் வேலை இல்லாமல் எலிக்கூண்டுகளைத் துடைத்து அடுக்கினார். அடுக்கி முடித்ததும் கலைத்து மறுபடி அடுக்கினார்.

கட்டுரைதான் முதலில் தேடிப் பார்த்தாள். வாடிக்கையாளர் எப்படித் தேடுவாரோ அப்படியே, 'கரையான் மருந்து அடிக்க ஆள்' என்று போட்டாள். முன்பெல்லாம் முதல் பக்கத்திலேயே தங்கள் பெயர் வரும். இப்போது யார் யாரோ வந்தார்கள். இரண்டாவது பக்கம் போனாள். மூன்றாவதுக்கும் போனாள். பூச்சி மருந்தே விற்காத ஒரு செடிக்கடைகூட இருந்தது, தாங்கள் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி மறுபடி முதல் பக்கத்திலிருந்து தேடினாள்.

தளம் வைத்திருப்பவர்களுக்கென்று தேடுபொறி ஒரு வசதி கொடுத்திருந்தது. நம் பக்கத்தை அது எப்படிப் பார்த்தது என்று படம் பிடித்தே காட்டும். அவள் அதைத் திறந்தாள். பிறகு முன்னறைக்குக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, கொஞ்சம் இங்க வாங்களேன்."

அண்ணன் வந்தார். அண்ணியும் பின்னாலேயே வந்தாள்.

"தேடுற கம்பெனிக்காரங்க ஒரு ரோபோவ அனுப்புவாங்கண்ணே, எல்லா வெப்சைட்டையும் போய்ப் பாத்துட்டு வரதுக்கு."

"ரோபோவா? இங்க வந்துச்சா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே!"

"நேர்ல வராது. அது ஒரு புரோகிராம். முன்னல்லாம் கம்ப்யூட்டர்ல பாக்கற மாதிரி பாக்கும். இப்ப மொபைல்ல பாக்கற மாதிரிதான் பாக்குது. அதுல என்ன தெரியுதோ அதை மட்டும்தான் குறிச்சுக்குது."

"அதுவும் மொபைல் வாங்கிடுச்சா?"

"ஜனங்க எல்லாம் மொபைல்லதானே தேடறாங்க. அதுவும் அவங்க வழிக்கே வந்துடுச்சு."

"சரி, நம்ம பக்கத்துல வந்து என்னதான் பாத்துச்சாம்?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். குறுகலான ஒரு படம். அதில் நடுநாயகமாக ஒரு மீசை. மீசைக்கு மேலே இரண்டு மூக்குத் துளைகள். கீழே மருந்துத் துப்பாக்கியின் நுனி. வேறு ஒன்றும் இல்லை. மூடுவதற்கான பெருக்கல் குறிகூடத் திரைக்கு வெளியே எங்கோ போய்விட்டிருந்தது.

மூன்று பேரும் பார்த்தார்கள்.

"கரையான் எங்க?" என்றார் அண்ணன்.

"கரையான், எலி, கொசு எல்லாம் பெரிய பக்கத்துலதான் இருக்கு. அங்க அது இப்ப எட்டிக்கூடப் பாக்கல. அதைப் பொறுத்தவரைக்கும் நம்ம கம்பெனின்னா இதுதான்."

அண்ணன் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். தன் மீசையைத் தடவிக்கொண்டார். "நல்லாத்தானே இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து கட்டுரை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். குட்டிப் பக்கத்தைத் தூக்கிப்போட முடிவு செய்தாள். இனிமேல் ஒரே தளம்தான். அகலத் திரையில் அகலமாக விரியும், மொபைலில் ஒடுங்கிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றேதான். சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. உட்கார்ந்து செய்யும்போதுதான் நாக்குத் தள்ளியது. அவள் ஆசை ஆசையாகப் போட்டிருந்த அட்டவணை ஒன்று உண்டு. எந்தப் பூச்சி, எந்த அறை, என்ன மருந்து, எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். மொபைலில் அது ரயில் மாதிரி நீண்டு திரையை விட்டு ஓடிவிட்டது. பாதிப் பூச்சிகளுக்கு மருந்து வெளியே தொங்கியது. கட்டங்களைப் பிரித்து ஒன்றன் கீழ் ஒன்றாக உட்கார வைத்தாள்.

நீளமான எழுத்தைக் கண்டு ஜனங்கள் மிரளக்கூடாது என்று, தலைப்பை மட்டும் காட்டி, தொட்டால்தான் மீதி வந்து இறங்கும்படி ஒரு தந்திரமும் செய்தாள். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். ஆனால் ரோபோ பார்த்த படத்தில் தலைப்புகள் மட்டும் வரிசையாக நின்றன. அதற்கு விரல் கிடையாதே, எதைத் தொடும்? தலையில் அடித்துக்கொண்டு, எழுத்து முழுவதும் பக்கத்தோடு சேர்ந்தே வருகிற மாதிரி மாற்றினாள்.

விஷயம் தெரிந்து அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார்.

"அதான் எல்லாம் சின்னதாயிடுச்சே. எழுத்தையும் கொஞ்சம் வெட்டிடேன். கரப்பானுக்கு ரெண்டு வரி, எலிக்கு ரெண்டு வரி."

"ரெண்டு வரி போட்டுத்தானேண்ணே இந்த நெலமைக்கு வந்திருக்கோம்?"

அவளே தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு ஆச்சரியப்பட்டாள். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பேசிய பிறகு வானம் இடிந்து விழவில்லை என்பதையும் குறித்துக்கொண்டாள்.

சோதனைக்கு ஆள் வேண்டியிருந்தது. அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பேச்சுக் குறைவு, கட்டைவிரல் பெரிது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல் மொபைலில் பட்டால் ஒரே நேரத்தில் மூன்று எழுத்து விழும். 'வரேன்' என்று அவர் அனுப்புகிற செய்தியை இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் ஒருத்தியால்தான் படிக்க முடியும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவரிடம் மொபைலை நீட்டினாள்.

"ஏங்க, 'மூட்டைப்பூச்சி'ய அமுக்குங்க."

அவர் அமுக்கினார்.

"எலி வந்துடுச்சும்மா."

"நீங்க சரியா அமுக்கல."

"சரியாத்தான் அமுக்கினேன். ரெண்டையும் ஒட்டி ஒட்டி வச்சிருக்கியே. நான் என்ன ஊசியாலயா அமுக்க முடியும்?"

அவருக்கு விரல் பெரிது, அதற்காகத் தளத்தையே மாற்ற முடியுமா என்று அவள் அசட்டையாக அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டாள். அந்த அசட்டை இரண்டே நாளில் அலுவலகப் படியேறி வந்தது. தளத்திலிருந்து எலி என்று ஒரு கோரிக்கை வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த வேலை. மூக்கர் இருக்கிற கூண்டையெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"அங்க எலியே இல்லக்கா. வாசல்லயே எனக்கு வாசனை தெரிஞ்சுபோச்சு, இது மூட்டைப்பூச்சி. அந்தம்மா மெத்தையக் காட்டினாங்க. நான் கூண்டக் காட்டினேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்னோம்."

அன்று சாயங்காலமே பொத்தான்களைப் பெரிதாக்கி, நடுவில் தாராளமாக இடம் விட்டாள். வீட்டுக்காரரின் விரல் தொட்டு, தொட்டது திறக்கும் வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அவர் டிவி பார்த்துக்கொண்டே, "கொசு வந்துச்சு", "கரையான் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கேட்ட பக்கத்து வீட்டம்மா, பாவம், ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

இனி மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அண்ணனின் ஃபோட்டோ.

வந்தவரின் பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கிற படத்தை ரோபோவுக்கும் பிடிக்காது, மனுஷருக்கும் பிடிக்காது. அதை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதை அண்ணனிடம் யார் சொல்வது? அவர் தொழில் தொடங்கிய புதிதில் ஸ்டுடியோவுக்குப் போய், புதுச் சட்டை போட்டு எடுத்துக்கொண்ட படம் அது. கட்டுரை சுற்றி வளைத்து ஆரம்பித்தாள்.

"அண்ணே, பக்கம் திறக்க லேட்டாகுது. உங்க படம் கொஞ்சம் கனமா இருக்கு."

"நானே கனமான ஆளுதானே."

"அதைக் கொஞ்சம் கீழ வச்சா..."

"கீழயா? யாரு மொதலாளி இங்க? மொதலாளி மூஞ்சியப் பாத்தாதான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்."

அப்போது அண்ணி தன் மொபைலில் அந்தப் படத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அருகில் வைத்து உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, கல்யாணமான நாள்லேர்ந்து உங்களப் பாக்கறேன். உங்க மூக்குக்குள்ள இவ்வளவு முடி இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

மூக்கர் சட்டென்று குனிந்து எதையோ தேடினார். கட்டுரை கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அண்ணன் எழுந்து போய் முகம் கழுவும் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்தவர், "கீழயே வச்சுக்கோ. சின்னதா" என்றார்.

அதோடும் முடியவில்லை. ரோபோவுக்குப் படம் சரியாகப் புரியாது, ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அவள் 'மருந்துத் துப்பாக்கியுடன் நிற்கும் நிறுவன உரிமையாளர்' என்று எழுதியதை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"வெறும் 'நிற்கும்'தானா?"

"பின்ன என்னண்ணே?"

"'கம்பீரமா'ன்னு போடு. அதுக்குத்தான் கண்ணு தெரியாதே, நீ சொல்றதைத்தானே நம்பப் போவுது."

'கம்பீரமாக நிற்கும்' என்று போட்டாள். ஒரு சொல்லில் அண்ணன் மனசு ஆறினால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மிச்சத்தையும் ஏற்றிய பிறகு காத்திருப்புத் தொடங்கியது. ரோபோ நம் அவசரத்துக்கு வருமா? அதற்குத் தோன்றும்போதுதான் வரும். அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டால்கூட எட்டிப் பார்த்தார். "அது நேர்ல வராதுண்ணே" என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும், "தெரியும், தெரியும்" என்பார். மறுபடி எட்டிப் பார்ப்பார். தேடிப் பார்த்தால் முதலில் ஐந்தாம் பக்கத்தில் தலையைக் காட்டினார்கள். பிறகு மூன்றாம் பக்கம். ஒரு நாள் காலையில் அண்ணி, "வந்துட்டோம்டி!" என்று கத்தினாள். முதல் பக்கத்தில், கடைசியிலிருந்து இரண்டாவதாக, கரையான் பக்கம் வந்திருந்தது.

ஃபோன் மெல்ல வாயைத் திறந்தது. ஒரு மத்தியானம் அண்ணி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கட்டுரையை முன்னறைக்குக் கூப்பிட்டாள்.

"எழுதினவங்க யாரோ அவங்ககிட்டதான் பேசணுமாம். என்ன வம்போ தெரியல, நீயே பேசு."

கட்டுரை பயந்துகொண்டே வாங்கினாள். பேசியது ஒரு பெண்கள் விடுதியின் காப்பாளர். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"ஏங்க, அந்த மூட்டைப்பூச்சி பத்தி எழுதினது நீங்கதானா? பஸ் ஸ்டாப்புல நின்னுட்டே படிச்சேன். என் பஸ் போயிடுச்சு."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க."

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? ஒரு மாசமா யார்கிட்டயும் சொல்ல முடியாமத் தவிச்சுட்டிருந்தேன். சுத்தமில்லாத விடுதின்னு பேராயிடுமேன்னு. நீங்க எழுதியிருக்கீங்களே..." என்று அவரே வாசித்தார். "'மூட்டைப்பூச்சி வந்ததற்காகத் தலைகுனிய வேண்டாம். அது அழுக்கைத் தேடி வருவதில்லை, ஆளைத் தேடி வருகிறது. அரண்மனையில் ஆள் தூங்கினால் அரண்மனைக்கும் வரும்.' இதைப் படிச்சப்புறம்தான் ஃபோன் பண்ணவே தைரியம் வந்துச்சு."

கட்டுரை ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டாள். பெரிய பதிலாகச் சொல்ல எவ்வளவோ இருந்தும், "விலாசம் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேலைக்கு மூக்கர் போனபோது அவளும் கூடப் போனாள். அலுவலகத்தை விட்டு இப்படி வெளியே போனதே இல்லை. மூக்கர் கட்டில்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நடைக்கூடத்தில் காப்பாளர் தன் மொபைலில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவளிடம் காட்டினார். முன்பின் அறியாத ஒருவரின் கையில், கீறல் விழுந்த கண்ணாடிக்குள், அவள் எழுத்து அழகாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அவர் விரலால் தள்ளத் தள்ள வரிகள் ஏறிப் போயின. அவள் நெஞ்சு பூரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்" என்றார் காப்பாளர். "இங்க 'முட்டைப்பூச்சி'ன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்களே. அது வேற வகையா? எங்ககிட்ட அதுவும் இருக்குமோ?"

கட்டுரை மொபைலை வாங்கிப் பார்த்தாள். மூன்றாவது பத்தியின் நடுவில், ஒரு சுழி விட்டுப்போய், 'முட்டைப்பூச்சியை ஒழிக்க' என்று பட்டவர்த்தனமாக நின்றது. அவளுக்குக் காது வரை சூடேறியது.

"அது வந்துங்க... அந்த வகைய நாங்க ஏற்கெனவே ஒழிச்சாச்சு" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் மூக்கர் தலை தொங்கத் தூங்கிக்கொண்டு வந்தார். அவள் கைப்பையிலிருந்து மொபைலை எடுத்து, குலுங்குகிற பஸ்ஸில், கட்டைவிரலால் தட்டித் தட்டி அந்தச் சுழியைப் போட்டாள். பிறகு வேறு எங்காவது சுழி விட்டுப்போயிருக்கிறதா என்று, இறங்க வேண்டிய நிறுத்தம் வரைக்கும் எலிப் பக்கத்தைப் படித்துக்கொண்டு வந்தாள்.